கப்பலில் இருந்தவாறே அடுத்த பயணத்துக்கு முற்பணம்: பயணிகளும் துறைமுகமும் அறிந்திருக்க வேண்டியவை

உல்லாசப் பயணக் கப்பல்களில் செல்வோர் தாம் ஏறிய கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னரே அடுத்த பயணத்துக்கான முற்பணத்தைச் செலுத்திவிடும் வழக்கம் மேலைநாடுகளில் வேரூன்றிப் பல ஆண்டுகளாகின்றன. பயணம் முடிவதற்கு ஓரிரு நாட்கள் இருக்கும்போது, கப்பலின் நடு மண்டபத்துக்கு அருகே அமைந்துள்ள முன்பதிவுப் பீடத்தில் பயணிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அடுத்த ஆண்டு எந்தக் கப்பல், எந்த மாதம், எந்த அறை என்பன அங்கேயே தீர்மானிக்கப்பட்டு, கடனட்டை மூலம் ஒரு தொகையும் அறவிடப்பட்டுவிடுகின்றது.

இவ்விடயம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தொடர்பற்றதெனச் சிலர் கருதக்கூடும். ஆனால் நிலைமை அவ்வாறில்லை. 2023 ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறையில் புதிய பயணிகள் முனையம் திறந்துவைக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகச் சுற்றி வந்த 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அங்கு வந்து சேர்ந்தது. இந்தியாவின் கோர்டெலியா குரூசஸ் நிறுவனம் இயக்கும் இக்கப்பல் 1990இல் பிரான்ஸில் கட்டப்பட்டு, அமெரிக்காவின் றோயல் கரீபியன் நிறுவனத்தின் சேவையில் நெடுங்காலம் இருந்தது. மறுபுறம், கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் எம்மவரின் குடும்பங்கள் விடுமுறைக்குக் கரீபியன் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் கப்பற் பயணம் செய்வது இன்று வழமையாகிவிட்டது. ஊரிலுள்ள பெற்றோரையும் சகோதரரையும் உடன் அழைத்துச் செல்வோரும் உளர். ஆகவே இந்த முற்பண முறையின் நன்மை தீமைகளைத் தெளிவாக அறிந்துகொள்வது எமது வாசகர்களுக்கும் பயனுடையதே.

முதலில், கப்பல் நிறுவனங்கள் இதில் இத்துணை ஆர்வம் காட்டுவது ஏன் என்பதை நோக்குவோம். புதிய வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கு விளம்பரத்துக்கும் முகவர்களுக்கும் பெருந்தொகை செலவாகின்றது. கப்பலில் ஏற்கெனவே மகிழ்ச்சியோடு இருப்பவரை இணங்கவைப்பதற்கு ஒரு மேசையும் இரண்டு உத்தியோகத்தர்களும் போதும். இரண்டாவது காரணம் இதனினும் வலுவானது. பயணிகள் முன்கூட்டிச் செலுத்தும் பணம் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனாக அமைகின்றது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான கார்ணிவலின் கணக்கறிக்கையில், 2023ஆம் ஆண்டின் முடிவில், பயணிகள் முற்பணமாகச் செலுத்தியிருந்த தொகை 600 கோடி டொலருக்கும் அதிகமாகக் காணப்பட்டது. மூன்றாவதாக, எந்தப் பாதைக்கு எத்தனை பேர் விரும்பிப் பதிவு செய்கின்றனர் என்பதை முன்னரே அறிந்து, கப்பல்களை எங்கு அனுப்புவதெனத் திட்டமிடவும் இது உதவுகின்றது.

பயணிக்குக் கிடைக்கும் அனுகூலங்களும் உண்மையானவையே. கரையில் பதிவு செய்வதைவிடக் குறைந்த முற்பணம், அடுத்த பயணத்தின்போது கப்பலிலேயே செலவிடத்தக்க வரவுத்தொகை, விரும்பிய அறையை முந்திப் பெறும் வாய்ப்பு ஆகிய மூன்றும் பொதுவாக வழங்கப்படுகின்றன. முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துச் செல்லும் பெரிய குடும்பங்களுக்கு அருகருகே அறைகளைப் பெறுவது மிக முக்கியமானது. அவ்வகையில் முந்திப் பதிவு செய்வோருக்கே வசதி கிட்டுகின்றது.

இத்தகைய பதிவு இரு வகைப்படும். ஒன்று, கப்பலையும் திகதியையும் குறிப்பிட்டுச் செய்வது. மற்றையது, திகதி எதுவும் குறிக்காமல், எப்போதாவது செய்யப்போகும் பயணமொன்றுக்காக ஒரு தொகையைக் கொடுத்து வைப்பது. பிரின்சஸ் குரூசஸ் நிறுவனம் ஒருவருக்கு 100 டொலர் என்ற அளவில் இவ்வாறான திறந்த முற்பணத்தை நெடுங்காலமாகப் பெற்று வந்துள்ளது. இரண்டாம் வகை இலகுவானதாகத் தோன்றினும், அதற்கு ஒரு காலவரையறை உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். குறித்த ஆண்டுக்குள் பயன்படுத்தாவிடின் என்ன நேரும், பணம் மீளக் கிடைக்குமா, அன்றேல் கைவிட்டுப் போகுமா என்பதைக் கையொப்பமிடுவதற்கு முன்னர் கேட்டறிதல் அவசியம்.

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. முன்பதிவுப் பீடத்தில் அமர்ந்திருப்பவர் பயணியின் ஆலோசகர் போலப் பேசினாலும், அவர் நிறுவனத்தின் விற்பனையாளரே ஆவார். விற்பனைக்கேற்பத் தரகு பெறுவோரும் அவர்களுள் உளர். நல்ல உணவு உண்டு, கடற்காற்று வாங்கி, கவலையற்றிருக்கும் ஒரு மனிதர் ஊருக்குத் திரும்பிய பின்னர் எதிர்நோக்கவுள்ள செலவுகளை அவ்வேளையில் எண்ணிப் பார்ப்பது அரிது. 'இச்சலுகை இக்கப்பலில் மட்டுமே, இன்றிரவு வரை மட்டுமே' என்ற அறிவிப்பும் அவசரப்படுத்தவே செய்கின்றது. ஆதலால் நிபந்தனைப் பத்திரத்தை வாங்கி அறைக்குக் கொண்டு சென்று, ஒரு முறையேனும் முழுமையாக வாசித்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

அப்பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, முற்பணம் மீளக் கிடைக்கத்தக்கதா, அல்லவா என்பதாகும். குறைந்த கட்டணத்தில் வழங்கப்படும் பதிவுகள் பலவற்றில் முற்பணம் மீளக் கிடைப்பதில்லை. அடுத்தது, மீதித் தொகையைச் செலுத்த வேண்டிய இறுதி நாள். பெரும்பாலும் கப்பல் புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னர் அது வரும். அந்நாள் கடந்த பின் பயணத்தைக் கைவிடுவோருக்கு, நாட்கள் நெருங்க நெருங்க இழப்பும் பெருகும். மூன்றாவது, கட்டணம் பின்னர் குறைந்தால் அந்தக் குறைந்த கட்டணம் எமக்கும் கிடைக்குமா என்பது. நான்காவது, பதிவை எமது ஊர் முகவர் ஒருவரின் பொறுப்புக்கு மாற்ற முடியுமா, எத்தனை நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது.

ஐந்தாவதாக, வழக்கு நேரின் எந்த நாட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும் என்ற வாசகம் இருக்கும். இதனைப் பலர் வெறும் அச்சுச் சடங்காகக் கருதுகின்றனர். ஆனால் கார்ணிவல் குரூஸ் லைன்ஸ் எதிர் ஷூட் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் வழங்கிய தீர்ப்பு, இந்த வாசகத்தின் வலிமையை நிலைநாட்டியது. அமெரிக்காவின் வட மேற்கிலுள்ள வொஷிங்டன் மாநிலத்தில் பயணச்சீட்டு வாங்கிய ஒருவர், கப்பலில் வழுக்கி வீழ்ந்து காயமுற்று, தமது மாநிலத்திலேயே வழக்குத் தொடுத்தார். சீட்டில் புளோரிடா நீதிமன்றமே எனக் குறிக்கப்பட்டிருந்தமையால், நாட்டின் மறுகோடிக்குச் சென்றே வழக்காட வேண்டுமெனத் தீர்ப்பாகியது. ஒரே நாட்டுக்குள் இந்நிலையெனின், யாழ்ப்பாணத்திலிருந்து புளோரிடா செல்வது எங்ஙனம் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நிறுவனமே வீழ்ச்சியுற்றால் முற்பணம் என்னவாகும் என்பதும் சிந்திக்க வேண்டிய கேள்வி. 2022 ஜனவரியில், எரிபொருட் கடன் தொடர்பாகக் கப்பலைத் தடுத்து வைக்குமாறு அமெரிக்க நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையைத் தவிர்ப்பதற்காக, 'கிறிஸ்டல் சிம்பொனி' என்னும் உல்லாசக் கப்பல் மியாமிக்குச் செல்லாது பஹாமாஸ் தீவுகளுக்குத் திரும்பிவிட்டது. பயணிகள் அதில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. தாய் நிறுவனம் நொடித்துப்போனதைத் தொடர்ந்து கிறிஸ்டல் குரூசஸ் சேவையை நிறுத்தியது. எதிர்காலப் பயணங்களுக்குப் பணம் கட்டியிருந்தோர், ஏனைய கடன்கொடுநர்களோடு தாமும் ஒருவராகக் காத்திருக்க நேர்ந்தது. இந்தியாவில் 'கர்ணிகா' கப்பலை இயக்கிய ஜலேஷ் குரூசஸ் நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. அக்கப்பலும் உடைப்பதற்காக விற்கப்பட்டது.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. 2020இல் பயணங்கள் இரத்தானபோது நிறுவனங்கள் பல, பணத்தை அப்படியே திருப்பிப் பெறுவோருக்கு நூறு வீதமும், எதிர்காலப் பயண வரவாக ஏற்போருக்கு 125 வீதமும் வழங்குவதாக அறிவித்தன. இருபத்தைந்து வீதம் கூடுதலென எண்ணி வரவை ஏற்றவர்கள், அது காலாவதியாகும் நாள் ஒன்று உண்டென்பதைப் பின்னரே உணர்ந்தனர். கையிலுள்ள பணம் வேறு, கணக்கிலுள்ள வரவு வேறு என்பதை மறத்தல் ஆகாது.

இலங்கையில் வாழ்வோருக்கு இவை அனைத்தையும்விடப் பெரிய இடர் நாணயப் பெறுமதியில் உள்ளது. முற்பணமும் மீதியும் டொலரிலேயே கணக்கிடப்படுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. மீதியாக 1000 டொலர் செலுத்த வேண்டியிருந்த ஒருவருக்கு, இரண்டு இலட்சம் ரூபாவாக இருந்த சுமை சில வாரங்களில் மூன்று இலட்சத்து அறுபதாயிரமாகியது. முற்பணத்தைச் சிறு தொகையென எண்ணிக் கட்டிவிட்டு, மீதியைத் திரட்ட வழியின்றி அம்முற்பணத்தையே இழக்கும் நிலை அத்தகைய காலங்களில் எளிதில் தோன்றும். கடனட்டை மூலம் கட்டும்போது நாணய மாற்றுக்காக வங்கி அறவிடும் மேலதிகத் தொகையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் உறவினர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அங்கு பதிவு பெற்ற பயண முகவரிடம் வாங்கிய சேவைகளுக்கே பயணிகள் இழப்பீட்டு நிதியத்தின் பாதுகாப்பு உண்டு. கப்பலிலேயே நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்வோர் அப்பாதுகாப்பின் வெளியே நின்றுவிடலாம். பதிவை ஊர் முகவரிடம் மாற்றிக்கொள்ளும்போது, அதனால் அப்பாதுகாப்புக் கிட்டுமா என்பதையும் அவரிடமே கேட்டறிதல் நன்று. அத்துடன் சென்னையிலிருந்து புறப்பட்டு இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டு மீளும் கப்பல், இந்தியாவை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகின்றது. ஆகவே வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்குப் பல தடவை நுழையத்தக்க இந்திய விசா தேவைப்படும். ஓராண்டுக்கு முன்னரே பதிவு செய்யும்போது, பயண நாளில் கடவுச்சீட்டும் விசாவும் செல்லுபடியாகுமா என்பதை எவரும் எமக்காகப் பார்த்துச் சொல்லப் போவதில்லை.

முஸ்லிம் வாசகர்கள் மனதில் எழக்கூடிய ஐயமொன்றையும் இங்கு குறிப்பிடுதல் பொருத்தமானது. கொள்வனவு நிறைவேறாவிடின் விற்பவர் வைத்துக்கொள்ளும் முற்பணம் 'உர்பூன்' எனப்படுகின்றது. ஹனஃபி, மாலிகி, ஷாபிஈ ஆகிய மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலும் இதனை ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபு அனுமதித்துள்ளது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி 1993இல் புரூணையில் நடத்திய அமர்வில், காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருப்பின் அது ஆகுமானதெனத் தீர்மானித்தது. காலவரையறை தெளிவாக இருக்க வேண்டுமென்ற இந்நிபந்தனை, பயணியின் நலனுக்கும் முற்றிலும் உகந்ததாக இருப்பது சிந்திக்கத்தக்கது. தனிப்பட்டோர் தத்தம் உலமாக்களிடம் விளக்கம் பெறுவது நன்று.

இனி எமது கடலுக்கு வருவோம். இக்குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில், திரும்பும் நாளை முன்னரே குறித்து வைத்த கப்பற் பயணம் எல்லோருக்கும் வாய்த்ததன்று. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பற் சேவையில், சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டில் செல்ல முடிந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. தமிழர்கள் படகுகளில் அக்கரைக்கு அகதிகளாகச் சென்றனர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், மன்னார்த் தீவிலிருந்தோர் கடல் வழியே கற்பிட்டிக்குச் செல்ல நேர்ந்தது. இவ்விரு பயணங்களிலும் திரும்பும் திகதி எவர் கையிலும் இருக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடிய 'கிறீன் ஓசன்' கப்பலில் இடம் கிடைப்பதற்கும் பாதுகாப்பு அனுமதி பெற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த பயணத்தை இன்றே உறுதி செய்யலாம் என்ற நிலை, அமைதி நிலைத்தால் மட்டுமே வாய்ப்பதென்பதை இம்மண்ணின் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமைதி திரும்பிய பின்னரும் கடற்சேவைகள் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய 'ஸ்கொட்டியா பிரின்ஸ்' சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. நாகபட்டினம் - காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' கப்பலுடன் ஆரம்பமாகிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' கப்பல் சேவையைத் தொடர்ந்தது. அவ்வாண்டுப் பருவமழைக் காலத்தில் மீண்டும் தடைப்பட்டு, 2025 பெப்ரவரி 22இல் மறுபடி ஆரம்பமாகியது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடல் சிறு கப்பல்களுக்கு உகந்ததன்று என்பது மீனவர் ஒவ்வொருவரும் அறிந்த உண்மை. அதனை அறிந்து நாட்களைக் குறிப்பதே முறை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நாகூர்க் கந்தூரியாகும். இரு கரைகளிலும் முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் நேர்த்தி வைக்கும் தலம் நாகூர் தர்கா. அது நாகபட்டினம் துறைமுகத்துக்கு மிக அருகிலுள்ளது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் கந்தூரி, சந்திரக் கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னோக்கி வரும். 2024இல் அது டிசெம்பரில் நிகழ்ந்தது. தொடரும் சில ஆண்டுகளிலும் அது பருவமழைக் காலத்துக்குள்ளேயே விழும். கடந்த ஆண்டு சென்ற திகதியை நம்பிப் பதிவு செய்வோரும், கப்பல் ஓடுமா என விசாரியாது பணம் கட்டுவோரும் ஏமாற்றமடைய நேரும். வேளாங்கண்ணித் திருவிழா ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை நடைபெறுவதால் அதற்கு இவ்விடர் குறைவு. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்ல விரும்புவோருக்கோ கந்தூரிக்குச் செல்வோரின் நிலையே.

ஆகவே சேவையை நடத்துவோரிடமும் அதிகாரிகளிடமும் நாம் சிலவற்றை வலியுறுத்த விரும்புகின்றோம். காலநிலையால் பயணம் இரத்தாகுமிடத்து, முழுப் பணமும் எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரப்படும் என்பது பயணச்சீட்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட வேண்டும். பணத்துக்குப் பதிலாக வேறொரு நாளுக்கான சீட்டை ஏற்குமாறு பயணியை வற்புறுத்தலாகாது. அக்கரைக்குச் செல்வோர் கப்பலிலிருந்தவாறே திரும்பும் நாளை மாற்றிக்கொள்ளவும், அடுத்த யாத்திரைக்கு இடம் பதிந்துகொள்ளவும் வசதி செய்யப்படுமாயின் முதியோருக்குப் பேருதவியாக இருக்கும். முற்பணம் பெறும் முகவர்கள், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க உல்லாசப் பயணச் சட்டத்தின் கீழ் உரிய அதிகார சபையில் பதிவு பெற்றோரா எனப் பயணிகளும் கேட்டறிய வேண்டும். முறைகேடு நிகழின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை நாட வழியுண்டு. பற்றுச்சீட்டின்றி அங்கும் எதுவும் செய்ய இயலாது.

காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உல்லாசக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரமே. அதற்குள் பயணி நல்லூரையும் கோட்டையையும் பொது நூலகத்தையும் கீரிமலையையும் பார்த்துத் திரும்ப வேண்டும். கப்பல் சென்னையை அடையுமுன் அவர் முன்பதிவுப் பீடத்தின் முன் நிற்பாராயின், அவர் மனதில் இருப்பது குடாநாட்டில் கழித்த அந்தச் சில மணி நேரமே. குடிவரவுப் பகுதியில் நீண்ட நேரம் காத்திருந்தாரா, முச்சக்கரவண்டிச் சாரதி நியாயமான கட்டணம் பெற்றாரா, தூய்மையான மலசலகூடம் இருந்ததா, ஹலால் உணவும் மரக்கறி உணவும் எங்கு கிடைக்குமென எவரேனும் வழிகாட்டினரா என்பனவே, யாழ்ப்பாணம் வரும் கப்பலை அவர் மீண்டும் தெரிவு செய்வதா இல்லையா என்பதை முடிவு செய்யும். அவ்வாறு தெரிவு செய்வோர் பெருகினால் நிறுவனம் கப்பலை மறு ஆண்டும் அனுப்பும். குறைந்தால் வேறு துறைமுகத்தை நாடும்.

இதனால் பயன்பெறக்கூடியோர் பெரு முதலாளிகள் மட்டுமல்லர். பனையோலைப் பொருட்கள் செய்யும் பெண்கள், வாகனச் சாரதிகள், யாழ். நகரின் சிறு உணவகத்தார், மீளக் குடியேறிச் சோனகத் தெருவில் கடை வைத்துள்ள முஸ்லிம் வணிகர்கள் ஆகிய யாவருமே அந்தச் சில மணி நேரத்தில் ஏதேனும் உழைக்க முடியும். இதற்கெனத் தயாராகும் பொறுப்பு துறைமுக அதிகார சபைக்கு மட்டுமன்றி, உள்ளூராட்சி மன்றங்களுக்கும் வணிகர் கழகங்களுக்கும் உண்டு.

முற்பணம் செலுத்துபவர் இன்னும் நடவாத பயணம் ஒன்றை நம்பியே தமது பணத்தைக் கொடுக்கின்றார். அந்நம்பிக்கையைப் பெறுபவர் கப்பல் நிறுவனமாயினும், பயண முகவராயினும், ஒரு துறைமுகமாயினும், சொன்ன நாளில் சொன்னதைச் செய்ய வேண்டும். இயலாதபோது பணத்தைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பயணிகள் நிபந்தனைகளை வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். இவ்விரண்டும் கைகூடுமாயின், பலமுறை அறுந்துபோன எமது கடல் வழித் தொடர்பு இம்முறையேனும் நிலைத்து நிற்கும் என்பது எமது நம்பிக்கை.